அடி விழுவதற்கு முந்தைய நேரம்

சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குத் துணை நிற்கும் தன்னார்வலராக நான் சேர்ந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் தம் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி முடித்தவர்கள். சிலர் ஓய்வுபெற்ற செவிலியர்கள், சிலர் ஆசிரியர்கள். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ ஒரு வீட்டுக்குச் சென்று, அன்று அந்த வீட்டுக்கு எது தேவையோ அதில் கைகொடுப்பதுதான் எங்கள் வேலை. வெளியிலிருந்து பார்க்கும்போது இது சாதாரண அண்டை வீட்டு உதவியாகவே தோன்றும். குழந்தைகள் மீதான வன்முறையும் புறக்கணிப்பும் நிகழாமல் தடுப்பதில் அந்தச் சாதாரண உதவிக்கு எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்பதை, நானே பல தவறுகளைச் செய்த பிறகுதான் உணர்ந்தேன். அதனால் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தவறு, எனக்கு ஒதுக்கப்பட்ட முதல் வீட்டிலேயே நடந்தது. ஆறு வாரக் கைக்குழந்தை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த தாய். வேலை நிமித்தம் வெளியூரில் தங்கி, மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் கணவர். உள்ளே நுழைந்ததும் கழுவாத பால் புட்டிகளும், மாற்றப்படாத ஈரத் துணியில் கிடந்த குழந்தையும்தான் என் கண்ணில் பட்டன. தூங்காத இரவுகளால் சிவந்திருந்த அந்தப் பெண்ணின் கண்கள் படவில்லை. புட்டியை எப்படிக் கொதிநீரில் சுத்தப்படுத்துவது என்பதில் தொடங்கி, குழந்தையை எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்பது வரை, அரை மணி நேரம் இடைவிடாமல் அறிவுரை சொல்லிவிட்டு மனநிறைவோடு திரும்பினேன். அடுத்த வாரம் சென்றபோது கதவு திறக்கவில்லை. உள்ளே குழந்தை அழும் ஓசை எனக்குக் கேட்டது. நான் படியிறங்கிப் போகும்வரை அவர் கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றிருந்தார் என்பதும் தெரிந்தது.

எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "முதல் நாள் அந்த அரை மணி நேரத்தில் அந்தப் பெண் பேசிய ஒரு வாக்கியத்தையாவது சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டார். எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பின்னாளில் நான் பெற்ற எல்லாப் பயிற்சிகளையும்விட அந்தக் கேள்வியே எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

மூன்றாவது முறை போனபோது, மூடிய கதவுக்கு வெளியிலிருந்தே, "குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொன்னேன். கதவு திறந்தது. அவர் மூன்று மணி நேரம் தூங்கினார். எழுந்து வந்து, குழந்தையை என்னிடமிருந்து வாங்காமலேயே என் எதிரில் உட்கார்ந்து, "முந்தாநாள் ராத்திரி இவனைப் பிடிச்சு உலுக்கிடுவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு, அக்கா" என்றார். அதுவரை எவரிடமும் அவர் சொல்லாத வார்த்தை அது. அறிவுரை சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் என்னிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த இடத்தில் கைக்குழந்தையின் அழுகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இளம் பெற்றோரில் பலருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தெரிந்திருந்தால் பல வீடுகளில் பெரும் ஆபத்து விலகியிருக்கும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் குழந்தையும் பிறந்து இரண்டு வாரம் ஆனதும் அதிகமாக அழத் தொடங்குகிறது. அந்த அழுகை இரண்டாம் மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் தணிகிறது. மாலையிலும் இரவிலும் அது கூடுதலாக இருக்கும். பசியாற்றி, துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்த பிறகும் சில வேளைகளில் நிற்காது. இதை அறியாத தாய், தன்னிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்றோ, குழந்தைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றோ எண்ணத் தொடங்குகிறார். தூக்கமின்மையும் தனிமையும் அந்த எண்ணமும் ஒன்றாகச் சேரும் ஒரு நள்ளிரவில், அழுகையை நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரே வேகத்தில் கைகள் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடுகின்றன. கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கனமானது. கழுத்துத் தசைகளோ அதைத் தாங்கும் வலுவில்லாதவை. சில நொடி உலுக்கலிலேயே மூளைக்குள் இரத்தக் குழாய்கள் கிழிந்து, பார்வை போகலாம், வாழ்நாள் முழுவதற்குமான ஊனம் வரலாம், உயிரே போகலாம். வெளியில் ஒரு சிறு காயம்கூடத் தெரியாமல் இத்தனையும் நடந்துவிடும்.

அந்தத் தாயும் நானும் அன்று ஒரு திட்டத்தை ஒரு தாளில் எழுதி, அவர் படுக்கும் இடத்தருகே சுவரில் ஒட்டினோம். பசி, ஈரத் துணி, காய்ச்சல் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்; காய்ச்சல் இருந்தாலோ அழுகை வழக்கத்துக்கு மாறாகத் தோன்றினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் அழுகை நிற்காமல், உள்ளே கோபம் ஏறுவது தெரிந்தால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்து நிற்க வேண்டும். பத்து நிமிடம் அழுவதால் எந்தக் குழந்தைக்கும் கேடு வராது. அந்தப் பத்து நிமிடத்தில் அழைப்பதற்காக என் எண்ணையும் அவருடைய சித்தியின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தோம். சித்தியிடம் அதற்கான சம்மதத்தை அவரே முன்கூட்டிக் கேட்டுப் பெற்றார். நள்ளிரவில் உதவி கேட்க நேரும்போது "தொந்தரவு கொடுக்கிறோமே" என்ற கூச்சம் தடுக்கக்கூடாது. அதனால் அனுமதியைப் பகலிலேயே வாங்கிவைத்துவிட வேண்டும் என்பது என் அழுத்தமான பரிந்துரை. அடுத்த ஐந்து வாரங்களில் அவர் மூன்று முறை அழைத்தார். அவர் மனநிலையைக் கவனித்து, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தோம். முதல் முறை நானும் உடன் சென்று காத்திருந்தேன்.

அடிக்கும் பெற்றோர் எல்லாரும் கொடியவர்கள் என்ற எண்ணத்தோடு இந்த வேலைக்கு வருபவர்கள் நீடிப்பதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பத்தில் ஆறு பேர், தங்களை வளர்ப்பவர்களின் கையாலேயே உடல் தண்டனையையோ உள்ளத்தைக் காயப்படுத்தும் வன்சொல்லையோ தொடர்ந்து அனுபவிக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இத்தனை வீடுகளிலும் கொடியவர்கள் இருக்க முடியாது. நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் இருந்தவை களைப்பு, கடன், தனிமை, தானும் அடிபட்டே வளர்ந்ததால் வேறு வழி தெரியாமை ஆகியவைதான். குழந்தைக்கு நேர்ந்த தீங்கை இவை எவையும் நியாயப்படுத்தா. ஆனால் எந்த இடத்தில் கைகொடுத்தால் அந்தத் தீங்கு நிகழாது என்பதை இவை நமக்குக் காட்டுகின்றன.

புறக்கணிப்பைப் பற்றி இதைவிட எச்சரிக்கையாகப் பேச வேண்டும். ஏழு வயதும் நான்கு வயதுமான இரு பிள்ளைகளோடு தனியாக வாழ்ந்த ஒரு தந்தையின் வீட்டுக்கு ஒருமுறை அனுப்பப்பட்டேன். மூத்த சிறுமி பள்ளியில் வகுப்பு நேரத்தில் தூங்கிவிழுகிறாள், துவைக்காத உடையில் வருகிறாள், வாரத்தில் இரண்டு நாள் வருவதே இல்லை என்பது பள்ளி சொன்ன செய்தி. தந்தை பொறுப்பற்றவர் என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டியிருந்தனர். உண்மையில் அவருக்கு வாரத்தில் நான்கு நாள் இரவுப் பணி. அந்த இரவுகளில் ஏழு வயதுச் சிறுமி தம்பியைப் பார்த்துக்கொண்டு, விளக்கை அணைக்கப் பயந்து விழித்தே இருந்தாள். விசாரணை, எச்சரிக்கை, கடிதம் என்று வெளியிலிருந்து வந்தவை எல்லாம் அவருடைய அச்சத்தைக் கூட்டினவே தவிர, அந்த நான்கு இரவுகளில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

நாங்கள் செய்தது மிக எளிமையான வேலை. முதலில் வாரத்தின் ஏழு நாட்களையும் ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தெந்த மணி நேரத்தில் பிள்ளைகளோடு பெரியவர் எவரும் இல்லை என்பதை அவரையே நிரப்பச் சொன்னோம். அந்தக் கட்டங்களைப் பார்த்தபோதுதான் தம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை முழுமையாக அவரே உணர்ந்தார் என்று நினைக்கிறேன். வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு ஒவ்வொரு வெற்றுக் கட்டத்துக்கும் ஒரு பெயரைத் தேடினோம். இரண்டு இரவுகளுக்கு அவருடைய மூத்த சகோதரி வர ஒப்புக்கொண்டார். இதற்கு முன் அவரிடம் யாரும் இப்படி நேராகக் கேட்டதே இல்லையாம். ஓர் இரவுக்கு எங்கள் குழுவில் பல ஆண்டுகளாகப் பழகிய, பின்னணி சரிபார்க்கப்பட்ட ஒரு தம்பதியர் தங்கள் வீட்டில் பிள்ளைகளைத் தங்க வைத்தனர். நான்காவது இரவுக்குப் பணிநேர மாற்றம் கேட்டு அவர் எழுதிய விண்ணப்பத்தை எங்கள் ஒருங்கிணைப்பாளர் திருத்திக் கொடுத்தார். இரண்டு மாதம் இழுத்து அதுவும் கிடைத்தது. இந்த இடைக்காலத்தில் அந்த ஓர் இரவை நானும் இன்னொருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம்.

வறுமையால் கொடுக்க முடியாமல் போவதும், கொடுக்க மனமில்லாமல் இருப்பதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அழுக்கு உடை இரண்டிலும் அழுக்கு உடைதான். நிஜ உதவி ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்க்கும்போதுதான் வேறுபாடு தெரியும். முதல் வகைப் பெற்றோர் அந்த உதவியைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். உதவி கிடைத்த பின்பும் குழந்தையின் பசியும் நோயும் கவனிக்கப்படாமல் தொடர்ந்தால், அங்கே வேறு ஏதோ இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இப்படி வீடு தேடிச் செல்வதற்கு ஒரு வரலாறு உண்டு. 1962இல் ஹென்றி கெம்பே என்ற அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் தம் சக மருத்துவர்களுடன் எழுதிய கட்டுரைதான், பெற்றோராலேயே அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் மீது மருத்துவ உலகின் கவனத்தைத் திருப்பியது. அதே கெம்பே 1970களில் இன்னொன்றை வலியுறுத்தினார்: பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் ஒரு நலப் பார்வையாளர் செல்ல வேண்டும் என்றார். காயத்தைக் கண்டுபிடிப்பதில் முன்னோடியாக இருந்தவர், காயம் ஏற்படுவதற்கு முந்தைய நாட்களை நோக்கித் திரும்பினார் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 'ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும்' என்பதிலும் பொருள் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய வீட்டுக்கு மட்டும் ஆள் வருகிறார் என்றால், அந்த வருகையே அவமானமாகிவிடும். எல்லா வீட்டுக்கும் வருகிறார் என்றால் கதவு இயல்பாகத் திறக்கும். எங்கள் பகுதியில் பிரசவமான வீடுகள் அனைத்துக்கும் பாகுபாடின்றி ஒருமுறையாவது போவது என்று குழுவில் முடிவெடுத்த பிறகு, எங்களைத் திருப்பி அனுப்பும் வீடுகள் வெகுவாகக் குறைந்தன.

நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய ஆய்வு, இந்தத் துறையில் உள்ளவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வது. முதல் முறை கருவுற்றிருந்த தாய்மார்களைக் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை செவிலியர்கள் வீட்டுக்கே சென்று பார்த்தனர். 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 1997இல் வெளியான தொடராய்வில், அந்தத் தாய்மார்கள் தொடர்பாக உறுதிசெய்யப்பட்ட குழந்தை வன்முறை, புறக்கணிப்புப் பதிவுகள், அப்படிச் சென்று பார்க்கப்படாத தாய்மார்களோடு ஒப்பிடுகையில் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தன. அங்கே சென்றவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் வருகைக்கும் அதே பயனை உரிமை கோருவது நேர்மையாகாது. இதே குடும்பங்களைப் பற்றி 2000இல் வெளியான மற்றொரு பகுப்பாய்வு இன்னும் முக்கியமானது: கணவன் அல்லது துணைவரால் தாய் அடிக்கடி தாக்கப்பட்ட வீடுகளில், செவிலியரின் வருகை குழந்தைகள் மீதான வன்முறையைக் குறைக்கவில்லை. தாய்க்குப் பாதுகாப்பில்லாத வீட்டில் பிள்ளை வளர்ப்புப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்பதை இதைப் படிப்பதற்கு முன்பே நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே, தாய் தனியாக இருக்கும் ஒரு நேரத்தில், "வீட்டில் யாரையாவது கண்டு நீங்கள் பயப்படுகிறீர்களா?" என்ற கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்பதை நாங்கள் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

மாதம் இருமுறை பெற்றோர் கூடிப் பேசும் சந்திப்பு ஒன்றும் எங்களுக்கு உண்டு. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் இருவர் இருப்பார்கள். அந்த ஏற்பாடு இல்லாத நாட்களில் யாரும் வந்ததில்லை. வல்லுநர் உரை வைத்த கூட்டங்களைவிட, ஒரு தந்தை "நேற்று கை ஓங்கிவிட்டேன், பிறகு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன்" என்று சொன்ன கூட்டங்களே பலன் தந்தன. இரண்டு வயதுக் குழந்தை வேண்டுமென்றே எதிர்க்கவில்லை, தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இன்னும் வளரவில்லை என்ற ஒரு செய்தியே பல வீடுகளில் அடியைக் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன். வயதுக்கு மீறிய எதிர்பார்ப்புதான் பல அடிகளின் தொடக்கம்.

இனி, எழுதக் கடினமான பகுதி. துணை நிற்பதால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, ஒரு வீட்டில் நான் மூன்று வாரம் தாமதித்தேன். ஐந்து வயதுச் சிறுமியின் முதுகில் ஒரு தழும்பைப் பார்த்தேன். கீழே விழுந்தாள் என்றார் தாய். அந்தத் தாயோடு எனக்கு நல்ல உறவு ஏற்பட்டிருந்தது; அதை இழக்க மனமில்லை. அடுத்த வாரம் இன்னொரு தழும்பு. விழும் பிள்ளைக்கு முழங்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும்தான் காயம் படும். முதுகிலும் காதிலும் தொடையிலும் படும் காயத்துக்குக் காரணம் வேறாக இருக்கும் என்று பயிற்சியில் படித்தவள்தான் நான். படித்ததை என் நட்பு மறைத்தது. மூன்றாவது வாரம் அந்தச் சிறுமியே, நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது, கம்பியைப் பற்றி மெதுவாகச் சொன்னாள்.

குழந்தை இப்படிச் சொல்லும்போது அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேட்க வேண்டும். "சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்லை" என்று சொல்ல வேண்டும். "யார் அடித்தார்? அம்மாவா?" என்று விடையை நாமே வாயில் திணிக்கும் கேள்விகளைக் கேட்கக்கூடாது, துருவித் துருவி விசாரிப்பதும் நம் வேலை அல்ல. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் ஒருபோதும் வாக்குக் கொடுக்கக்கூடாது. குழந்தை சொன்ன அதே சொற்களை அன்றே எழுதிவைத்து, அன்றே குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். நிச்சயமாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உறுதிசெய்வது அவர்கள் பணி. அன்று மாலையே நான் தெரிவித்தேன். அந்த மூன்று வாரங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதன்பின் புதிய வீட்டுக்குப் போகும் முதல் நாளிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "நீங்கள் சொல்வதை வெளியே பேச மாட்டேன். குழந்தைக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் மறைக்க மாட்டேன். முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே அடுத்த இடத்துக்குச் சொல்வேன்." இதைக் கேட்டு யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை. 'முடிந்தவரை' என்ற சொல்லைத் தெரிந்தேதான் சேர்த்திருக்கிறேன். முன்கூட்டிச் சொல்வதால் குழந்தைக்கு ஆபத்து கூடும் என்றால், குறிப்பாகப் பாலியல் கொடுமை என்ற ஐயம் இருந்தால், வீட்டாரிடம் எதுவும் சொல்லக்கூடாது. அது களைப்பாலும் தனிமையாலும் விளைவதன்று. உதவிக்கரம் நீட்டித் தீர்ப்பதுமன்று.

அந்தச் சிறுமி சில காலம் தன் பாட்டியிடம் இருந்தாள். தாயிடம் யாரும் போகக்கூடாது என்று குழுவில் சிலர் கருதினர். நான் வேறு விதமாக நினைத்தேன். குழந்தைகள் உரிமை குறித்து 1989இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, குழந்தையை வன்முறையிலிருந்து காப்பதைப் பற்றிப் பேசும் அதே இடத்தில், குழந்தைக்கும் அதைப் பராமரிப்பவர்களுக்கும் தேவையான ஆதரவைத் தரும் சமூகத் திட்டங்களையும் சேர்த்தே கேட்கிறது. பிள்ளையைப் பிரித்ததோடு தாயைக் கைவிட்டால், பிள்ளை திரும்பும் நாளில் அதே வீடுதான் அவளுக்காகக் காத்திருக்கும். இன்னொரு தன்னார்வலர் வாரந்தோறும் தாயைச் சந்தித்தார். முதல் மாதம் அவரைத் திட்டித் தீர்த்த அந்தத் தாய், இரண்டாம் மாதம் சிகிச்சைக்குப் போகச் சம்மதித்தார். சிறுமியின் வாரச் சந்திப்புகள் பெரியவர் ஒருவர் முன்னிலையில் தொடங்கி, பகல் நேரமாகி, பிறகு ஓர் இரவாகின. எல்லாம் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆனது.

சிறுமி வீட்டுக்குத் திரும்பிய முதல் வாரத்தில், ஓர் இரவு ஒன்பது மணிக்குத் தாய் என்னை அழைத்தார். பால் கோப்பையைச் சிறுமி தரையில் எறிந்திருக்கிறாள். தாய் அறைக்கு வெளியே வந்து நின்றுகொண்டு பேசினார். பின்னணியில் பிள்ளை அழுவது எனக்குக் கேட்டது. "கோபம் வருது. அதான் கூப்பிட்டேன்" என்றார். பேசிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்; சிறுமி இன்னொரு துணியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.